சம்மதித்துப் பிரிவதா, வழக்காடிப் பிரிவதா? வாசகர் கேள்வி – வக்கீல் பதில்

விவாகரத்து பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் பகுதி முழுக்க அதற்கே. ஊரை மட்டும் போடுகிறோம், பெயர் வேண்டாம். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் நான் பேசுவது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை வைத்து.

கேள்வி: கல்யாணமாகி ஐந்து வருஷம், மூன்றரை வயதில் மகள். இருபது மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். "மியூச்சுவல்ல கையெழுத்துப் போட்டுட்டா ஆறு மாசத்துல முடிஞ்சிடும், இல்லன்னா நாங்க கேஸ் போடுவோம், பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கணும்" என்று கணவர் வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இல்லை. ஆனால் என் நகை அங்கே இருக்கிறது, குழந்தைக்கு என்ன தருவார்கள் என்று பேச்சே இல்லை. எது எனக்கு நல்லது?
– வாசகி, சேலம்

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மியூச்சுவல் கெட்ட வழி என்று சொல்ல வரவில்லை, உங்கள் விஷயத்தில் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் உங்களிடம் நீட்டுகிற காகிதத்தில் சம்மதம் மட்டும்தான் இருக்கிறது, எதற்குச் சம்மதம் என்பது இல்லை.

முதலில் வித்தியாசம். மியூச்சுவல் என்கிற பரஸ்பர சம்மத விவாகரத்து, அதாவது 13பி பிரிவு, 1976 திருத்தத்தில் வந்தது. அதற்கு முன்னால் இந்து திருமணச் சட்டத்தில் கணவன் மனைவி மனமொத்துப் பிரிய வழி கிடையாது. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லியே ஆக வேண்டும். 13பி கேட்பது, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிவதற்கு இருவரும் ஒத்துக்கொண்டாயிற்று, அவ்வளவுதான். ஒரே மனுவில் இருவரும் கையெழுத்துப் போடுவீர்கள். யார் மேல் தப்பு என்று நீதிபதி விசாரிக்க மாட்டார். மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடி இருவரும் வந்து "இன்னும் அதே முடிவுதான்" என்று சொன்னால் தீர்ப்பு.

கன்டெஸ்டட், அதாவது வழக்காடிப் பிரிவது என்றால் ஒருவர் மனுதாரர், மற்றவர் எதிர்மனுதாரர். கொடுமை, குறைந்தது இரண்டாண்டு கைவிட்டுப் போனது, வேறொருவருடன் உறவு என்று 13ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லி அதை நிரூபிக்க வேண்டும். எதிர்மனு, பிரமாணப் பத்திரம், சாட்சி, குறுக்கு விசாரணை, நடுவில் எண்ணிக்கை தெரியாத வாய்தாக்கள். மனு நகல் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே, 21பி பிரிவில், எழுதியிருக்கிறது. குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, அந்த மிரட்டலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கேஸ் போடுவோம் என்கிறார்கள். போடட்டும். என்ன காரணம் சொல்லிப் போடுவார்கள், அதற்கு என்ன சாட்சி வைத்திருக்கிறார்கள்? நீங்கள் வீட்டைவிட்டுப் போனதையே கைவிட்டுப் போனதாகச் சொல்ல நினைத்தால் அதற்கு இரண்டாண்டு ஆக வேண்டும், இன்னும் ஆகவில்லை. ஆகிவிட்டாலும், நீங்கள் காரணமில்லாமல் போனீர்கள் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். அப்புறம், வழக்கு நடக்கிற காலம் முழுக்க 24ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். அந்த மனுவை முடிந்தவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளத்தை மறைத்துப் பேசிப் பழகியவர்களுக்கு இந்தக் காகிதம்தான் முதல் அதிர்ச்சி.

நீங்களே மனு போட நினைத்தாலும் அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மனைவி தான் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்று 2003 திருத்தத்தில் 19ஆம் பிரிவில் சேர்த்தார்கள். ஆக பத்து வருஷம் நடப்பது உங்களுக்கு மட்டும் அல்ல. அவசரம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரிப் பேச்சுவார்த்தையில் யாருக்கு அவசரமோ அவர்தான் இறங்கி வர வேண்டியிருக்கும், ஆறே மாதம் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்கு அந்த அவசரம்தான் கேட்கிறது.

மியூச்சுவல் மனுவில் என்ன இருக்க வேண்டும் என்றால், முதலில் நகை. சீதனமாக வந்த நகையும் பொருளும் உங்கள் சொத்து, அதை 1985லேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜீவனாம்சத்தோடு சேர்த்து "எல்லாத்துக்கும் சேர்த்து இவ்வளவு" என்று மொத்தமாகப் பேச விடாதீர்கள். கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்துவைத்துப் பட்டியல் போடுங்கள். இரண்டாவது, உங்களுக்கு மொத்தமாக ஒரு தொகையா மாதாமாதமா என்பது. நான் பெரும்பாலும் மொத்தத் தொகையைத்தான் சொல்வேன். மாதத் தொகைக்கு அவர் இரண்டு தடவை போடாமல்விட்டால் நிறைவேற்று மனு, மறுபடி கோர்ட். மூன்றாவது குழந்தை. மகள் யாரிடம், அப்பா எந்தெந்த நாள் பார்க்கலாம், பள்ளி விடுமுறையில் எப்படி, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, வருஷத்துக்கு எவ்வளவு கூட்டித் தருவது, பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்தால் கையெழுத்துப் போடுவாரா என்பது வரை எழுதுங்கள். ஐந்து வயது ஆகாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் சொல்கிறது, அதற்காக அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள், குழந்தைக்கு ஐந்து வயது ஆகத்தான் போகிறது.

இன்னொன்று முக்கியம். அவர்கள் தரப்பு டைப் செய்து தருகிற மனுவில் "இனி எந்தக் காலத்திலும் எனக்கோ என் குழந்தைக்கோ எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு உள்ளதை நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். குழந்தைக்கு உள்ள ஜீவனாம்ச உரிமையை நீங்கள் எழுதிக்கொடுத்து அழித்துவிட முடியாது, பின்னால் குழந்தை பெயரில் கேட்கலாம். ஆனால் அந்த வரி இருந்தால் அப்போது ஒரு சண்டை கூடுதலாகப் போட வேண்டி வரும், இப்போதே அடித்துவிட்டால் போச்சு.

"ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம்" என்பார்கள். மனு ஒன்றாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு என்று ஒருவர் அதைப் படித்துப்பார்த்தே ஆக வேண்டும். செலவுதான் பிரச்சினை என்றால், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள்.

இதெல்லாம் பேசி முடிந்து எழுதியும் ஆகிவிட்டால், ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியிராது என்பதுதான் வேடிக்கை. 2017ல் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாத இடைவெளி கட்டாயம் இல்லை என்றது: முதல் மனுவுக்கு முன்பே பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் உண்மையாகவே பேசி முடிந்திருந்து, இனியும் காத்திருப்பது வேதனையை நீட்டுவது மட்டுமே என்றால் நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தை விலக்கிவிடலாம். முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து அதற்கு மனுப் போடலாம். உங்களுக்கு இருபது மாதம் ஆகிவிட்டது. ஆக, சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் முதலில் பணமும் நகையும் குழந்தையும் பேசி முடிக்க வேண்டும், அதை அவர்களிடம் நீங்களே சொல்லலாம்.

கேள்வி: மனைவி பிரிந்துபோய் மூன்று வருஷம். மியூச்சுவலுக்கு வரமாட்டேன் என்கிறாள், சேர்ந்து வாழவும் வரமாட்டேன் என்கிறாள். "திருமணம் மீட்க முடியாத அளவு முறிந்துவிட்டால் கோர்ட் தானே விவாகரத்து கொடுக்கும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், கோவை

பாதி உண்மை. 2023 மே 1ஆம் தேதி ஷில்பா சைலேஷ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அப்படிப்பட்ட திருமணத்தை உச்ச நீதிமன்றம் கலைக்கலாம், ஒருவர் எதிர்த்தாலும் கலைக்கலாம் என்றது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். கோவை குடும்பநல நீதிமன்றத்துக்குக் கிடையாது, சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் கிடையாது. நேராக அதைக் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் ரிட் போட முடியாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் "முறிந்துவிட்டது" என்று ஒரு காரணம் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. நண்பர் செய்தித்தாள் தலைப்போடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது கைவிட்டுப் போனது என்ற காரணம். மனு போடும் நாளுக்கு முந்தைய இரண்டாண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. ஆனால் அவர் ஏன் போனார் என்பதுதான் வழக்கே. நீங்கள் துரத்தினீர்கள், உங்கள் வீட்டில் அடித்தார்கள், வரதட்சணை கேட்டார்கள் என்று அவர் நிரூபித்தால் கைவிட்டது நீங்கள் என்று ஆகிவிடும். தன் தவறில் இருந்தே ஒருவர் லாபம் பார்க்கக் கூடாது என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. இந்த மூன்று வருஷத்தில் அவரைக் கூப்பிட என்ன செய்தீர்கள்? பெரியவர்களை அனுப்பினீர்களா, வாட்ஸாப்பில் என்ன எழுதினீர்கள், கோபத்தில் என்ன எழுதினீர்கள்? அவையும் கோர்ட்டுக்கு வரும். அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அவர் போனில் இருக்கும்.

சில வக்கீல்கள் முதலில் 9ஆம் பிரிவில், அதாவது சேர்ந்து வாழ வரச்சொல்லி, மனுப் போடச் சொல்வார்கள். தீர்ப்பு வந்து ஓராண்டு ஆகியும் சேர்ந்து வாழவில்லை என்றால் அதையே காரணமாக்கி விவாகரத்து கேட்கலாம் என்பது கணக்கு. சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் பிரிய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு "வந்து வாழ்" என்று மனுப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. "சரி, வருகிறேன்" என்று அவர் பெட்டியோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? அப்படி வந்து நின்றிருக்கிறார்கள்.

கன்டெஸ்டட் என்று தொடங்குவதெல்லாம் கன்டெஸ்டட் ஆகவே முடிவதில்லை. குடும்பநல நீதிமன்றத்தில் முதல் வேலையே சமரச முயற்சி, 1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தில் அது நீதிபதியின் கடமை. முதலில் கவுன்சலரிடம் அனுப்புவார்கள், அப்புறம் சமரச மையம். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்பதே இங்கே 2005ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே போய் உட்காரும்போதுதான் பல பேருக்கு மற்றவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியவரும். மியூச்சுவலுக்கு வரமாட்டேன் என்கிற மனைவிக்கு விவாகரத்தில் ஆட்சேபம் இல்லாமல் இருக்கலாம். அடுத்த மாதச் செலவுக்கு என்ன செய்வது என்ற பயமாகவோ, தம்பதியாகச் சேர்ந்து கட்டிய வீட்டுக் கடனாகவோ, தங்கை கல்யாணம் முடியட்டும் என்ற எண்ணமாகவோ இருக்கலாம். ஒத்துப்போய்விட்டால், நடந்துகொண்டிருக்கும் வழக்கை அப்படியே 13பி மனுவாக மாற்றிக்கொள்ளலாம். மனைவியைக் கொடுமை செய்ததாக 498ஏ வழக்கு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு, போட்டிருந்தால் அதை மட்டும் நீங்கள் இருவரும் கீழ் கோர்ட்டில் ராஜி ஆகி முடித்துவிட முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். உடன்படிக்கையில் அதற்கு அவர் ஒத்துழைப்பதாக ஒரு வரி இருக்கட்டும்.

கேள்வி: என் தங்கைக்கு அவள் வீட்டுக்காரர் சென்னையில் விவாகரத்து கேஸ் போட்டு சம்மன் வந்திருக்கிறது. "நாம போகலைன்னா அவனுக்கு டைவர்ஸ் கிடைக்காது, விடு" என்று பெரியப்பா சொல்கிறார். வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பெரியப்பா மேல் மரியாதை வையுங்கள், இந்த விஷயத்தில் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். போகாவிட்டால் அவருக்குத்தான் வேலை சுலபம். எதிர்க்க ஆள் இல்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, ஒருதலைப்பட்சமாக விசாரணை. அவர் வந்து கூண்டில் நின்று உங்கள் தங்கையைப் பற்றி என்ன சொன்னாலும் மறுத்துக் கேட்க ஆள் இருக்காது. சம்மனை வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பல பேர் "எதிர்ப்பு இல்லாத விவாகரத்து" என்றால் மியூச்சுவல் என்று நினைக்கிறார்கள். மியூச்சுவலில் இருவரும் வந்து பேசி வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு பிரிகிறார்கள். எக்ஸ்பார்ட்டியில் ஒருவர் வரவே இல்லை, அதனால் ஜீவனாம்சம், நகை, குழந்தை எதுவும் பேசப்படாமலே போய்விடுகிறது.

சென்னைக்கு அலைவதுதான் பயம் என்றால் வழக்கை தஞ்சாவூருக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மாறுதல் மனுப் போடலாம். கைக்குழந்தை, துணைக்கு ஆள் இல்லை, வருமானம் இல்லை என்றால் மனைவியின் வசதியைத்தான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் முதலில் பார்க்கின்றன. அது முடிகிறவரை சென்னை வாய்தாக்களைச் சும்மா விடக் கூடாது, ஒரு வக்கீலை வைத்து ஆஜராகச் சொல்லிவிடுங்கள். ஏற்கனவே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது என்று தெரிந்தால் அதை ரத்து செய்ய 30 நாளில் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாக வந்தே சேரவில்லை என்றால் தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளில் இருந்து 30 நாள். உங்களிடம் சம்மன் வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த வாதம் உங்களுக்கு இல்லை. வாங்குங்கள், போங்கள்.

கேள்வி: மியூச்சுவல் மனு போட்டபோது பேசிய தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் முடிந்து கையெழுத்துக்குக் கூப்பிட்டால் மனைவி போனை எடுப்பதில்லை. முதல் தடவை சம்மதம் சொன்னதே போதும் என்று கோர்ட் தீர்ப்பு கொடுக்காதா?
– வாசகர், திருச்சி

கொடுக்காது. சம்மதம் தீர்ப்பு வரும் நாள் வரை இருக்க வேண்டும். 1991ல் சுரேஷ்டா தேவி வழக்கில், நடுவில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009ல் ஸ்ம்ருதி பஹாரியா வழக்கில், ஒருவர் வராமல் இருப்பதை வைத்து அவருக்குச் சம்மதம்தான் என்று நீதிமன்றம் ஊகிக்கவும் கூடாது என்றது. அந்த ஆறு மாதமே மனசு மாறுவதற்காக வைத்த இடைவெளிதானே, மாறவே கூடாது என்றால் எதற்கு வைத்தார்கள்?

உங்களுக்குக் கோபம் வருவது நியாயம், பணம் போயிருக்கிறது. அந்த உடன்படிக்கை எங்கே எழுதப்பட்டது என்று பாருங்கள். சமரச மையத்தில் கையெழுத்தாகி, நீதிமன்றத்தில் உறுதிமொழியாகப் பதிவாகியிருந்தால், பணத்தை வாங்கிக்கொண்டு பின்வாங்குவதை நீதிமன்றங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அவமதிப்பு மனு வரை போன வழக்குகள் உண்டு. ஆனால் அவமதிப்பு மனுவில் ஜெயித்தாலும் விவாகரத்து கைக்கு வராது, அது தனி. வீட்டில் உட்கார்ந்து எழுதிய காகிதம் மட்டும்தான் என்றால் இன்னும் கஷ்டம்.

வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். யாராவது பொதுவான ஆளை வைத்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள். மீதிப் பணம் வராது என்ற பயத்தில் வராமல் இருப்பவர்கள் நான் பார்த்ததிலேயே அதிகம். மீதிக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, நகலை அனுப்பி, அன்றைக்கு நீதிபதி முன்னால் கையில் தருகிறேன் என்று சொல்லிப்பாருங்கள். பதினெட்டு மாத எல்லை ஓடிக்கொண்டிருப்பதை மறக்க வேண்டாம். எதற்கும் மசியவில்லை என்றால் கன்டெஸ்டட் மனுதான், பணம் கொடுத்த வங்கி ஆதாரத்தை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நோட்டரி முத்திரையும் இருக்கிறது. இது மியூச்சுவல்தானே?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. நோட்டரி முத்திரை, கையெழுத்து உண்மை என்று மட்டும் காட்டும், திருமணத்தைக் கலைக்காது. வழக்காற்றில் உள்ள விவாகரத்தை 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை, ஆனால் உங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு, இடைவிடாமல் அப்படி ஒரு வழக்கம் இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், பஞ்சாயத்தில் பத்துப் பேர் தலையாட்டினால் அது வழக்கம் ஆகிவிடாது. இதை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்தால், முதல் மனைவி என்றைக்காவது மனசு மாறிப் புகார் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை உள்ள குற்றம். இருவருக்கும் உண்மையிலேயே சம்மதம் இருக்கிறதே, பிரிந்து ஓராண்டு ஆனதும் 13பி மனுப் போட்டு முறையாக முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காஞ்சிபுரத்தில் கல்யாணம், அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்தோம், நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் அங்கேயே கோர்ட்டில் விவாகரத்து போட்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறார். "இங்கே யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம், தானாக ஆகிவிடும், கூட வந்த படிவத்தில் கையெழுத்து மட்டும் போடு" என்கிறார்.
– வாசகி, சென்னை

அங்கே ஆகிவிடும் என்பது சரிதான். மனம் ஒத்துவரவில்லை என்பதே அங்கே போதுமான காரணம். இங்கே செல்லுமா என்பது வேறு. 1991ல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, திருமணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளும் நீதிமன்றத்தில், அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காக வந்த தீர்ப்புதான் இங்கே செல்லும் என்று. அதற்கு விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள், எதிர்த்தரப்பு தானாகவே சம்மதித்தால் செல்லும். அந்தப் படிவம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

கையெழுத்துப் போட வேண்டாம். அதே நேரம் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காரவும் வேண்டாம், ஏனென்றால் அங்கே அவர் விவாகரத்தானவர், இங்கே நீங்கள் கல்யாணமானவர் என்று ஒரு நடுவாந்தர நிலைமையில் மாட்டிக்கொண்டு பல வருஷம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நீதிமன்றத்துக்கு இந்தத் திருமணத்தைத் தீர்க்கும் அதிகாரம் இல்லை என்று ஆட்சேபத்தை அங்குள்ள வக்கீல் மூலம் எழுத்தில் பதிவு செய்யுங்கள், அவர் காரணங்களுக்குள் இறங்கி வாதாடாதீர்கள். இங்கே சென்னையில் உங்கள் மனுவைப் போடுங்கள். அவருக்கும் பிரிவதுதான் வேண்டும், உங்களுக்கும் அதுதான் என்றால் சென்னையிலேயே மியூச்சுவல் போடலாம், அவர் விமானம் ஏறி வர வேண்டும் என்றுகூட இல்லை. நான் முதலில் சொன்ன 2017 தீர்ப்பிலேயே காணொளி மூலம் ஆஜராகலாம், நியாயமான காரணம் இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தவர் மூலமும் நடத்தலாம் என்று இருக்கிறது. "வர முடியாது, லீவு இல்லை" என்பதற்கு அதுதான் பதில்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் ஓராண்டுதானா?
– வாசகி, நாகர்கோவில்

உங்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதில் சம்மத விவாகரத்து 2001 திருத்தத்தில்தான் வந்தது, 10ஏ பிரிவு; எழுதியிருப்பது இரண்டாண்டுப் பிரிவு. மற்றவர்களுக்கு ஓராண்டு, கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இரண்டா என்று கேட்டு, அதை ஓராண்டு என்றே வாசிக்க வேண்டும் என்று 2010ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள உங்கள் உறவினர்கள் ஓராண்டு என்று சொல்வது அதனால்தான். சர்ச்சில் வாங்கும் திருமண ரத்து சர்ச்சோடு சரி, அதை வைத்துக்கொண்டு கோர்ட் தீர்ப்பு இருப்பதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: தீர்ப்பு வந்துவிட்டது. மகனுக்கு வரன் பார்க்கலாமா, எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?
– ஒரு தாய், விழுப்புரம்

அம்மா, மியூச்சுவலில் வந்த தீர்ப்பா, வழக்காடி வந்ததா என்று எழுதவில்லையே. குடும்பநல நீதிமன்றம் இருவர் சம்மதத்தின் பேரில் கொடுத்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்காடி வந்த தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் என்று இருப்பதால் 90 நாள் பொறுப்பதுதான் பாதுகாப்பு. அதோடு, மேல்முறையீடு எதுவும் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று வக்கீலை விட்டு உயர் நீதிமன்றத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பெண்ணுக்கு சம்மன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் வழக்குக் கட்டில் பார்த்துவிட்டு வரன் தேடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள், திருமணப் பதிவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கேட்பார்கள்.